நாவல்தோப்பில் விழுந்த கரி

ஐம்பத்து மூன்றாம் வருடம் சித்திரையில் ஒரு காலை, உறையூர்ப் பக்கம் நாவல்தோப்பு என்ற தெருவில் ஒரு ஜட்கா வந்து நின்றது. வண்டிக்குள்ளிருந்து முதலில் ஒரு மரக்கால் நீண்டது. அப்புறம் வைக்கோல் சுற்றிய ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. கடைசியில்தான் ஜெகதாம்பாள் இறங்கினாள். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் டெமான்ஸ்டிரேட்டர் வேலை. ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் வாடகை வீடு. கணவன் மாத்ருபூதம் பொன்மலை ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா.

நாவல்தோப்பில் நாவல் மரம் ஒன்றுகூட இல்லை. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஒருபுறம், தர்மராஜ் என்பவரின் வார்ப்படச் சாலை மதில் ஒருபுறம், நடுவில் எழுபத்திரண்டு ஓட்டு வீடுகள். ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சாலையில்தான் இரும்பு உருக்கினார்கள். உலை எரியும் நாளெல்லாம் புகைபோக்கி தெருவின் தலைக்கு மேல் கக்கிக்கொண்டிருந்தது.

ஜெகதாம்பாள் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போய், மரம் மறைக்காத, மாடி மறைக்காத ஒரு வாசலில் நின்றாள். அங்கே ஒருத்தி கயிற்றுக் கட்டிலில் துணி விரித்துக் கூழ் வற்றல் பிழிந்துகொண்டிருந்தாள். பவுனம்மாள் என்று பெயர். புருஷன் பிச்சைமுத்து உலையில் கரி கொட்டுகிறவன். அவள் அப்பளமும் வற்றலும் போட்டுப் பெரிய கடைத்தெருவில் ஒரு கடைக்குக் கொடுப்பாள்.

"இதை இங்க நட்டுக்கலாமா?" என்று கேட்டாள் ஜெகதாம்பாள்.

"என்னங்க இது, தண்ணிப் பந்தலா?"

"மேலேர்ந்து என்ன விழுதுன்னு பிடிச்சு எடை போடறதுக்கு."

பவுனம்மாள் சிரித்துவிட்டாள். காய்ந்த வற்றல் ஒன்றை எடுத்துக் காட்டினாள். வெள்ளை வற்றலில் எள்ளைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். "அதுக்கு ஜாடி எதுக்குங்க? என் வத்தலைப் பாத்தாலே தெரியுமே. கடைக்காரரு தினம் திட்டுறாரு."

"கண்ணால பார்த்ததை யாரும் ஒத்துக்க மாட்டாங்க. எடை போட்டுச் சொன்னா மறுக்க முடியாது" என்றாள் ஜெகதாம்பாள்.

அதை அவள் முழுக்க நம்பினாள். முந்தின டிசம்பரில் லண்டன் நகரத்தில் புகையும் பனியும் சேர்ந்து இறங்கி நாலு நாளில் நாலாயிரம் பேரைக் கொன்றுவிட்டது என்று கல்லூரி வாசகசாலையில் படித்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பு இல்லை. நம் ஊரில் என்ன விழுகிறது, போன வருடத்துக்கு இந்த வருடம் கூடுதலா குறைவா என்று சொல்ல ஒருவரும் இல்லையே என்று மாய்ந்து போனாள். கல்லூரித் தலைவியிடம் கெஞ்சி மூன்று ஜாடிகள் வாங்கினாள். ஒன்று ஸ்ரீரங்கத்து வீட்டு மொட்டை மாடியில், ஒன்று கல்லூரிக் கூரைமேல், மூன்றாவது இங்கே.

விஷயம் எளிது. மேலே ஒரு அடி அகலத்தில் கண்ணாடிப் புனல், கீழே ஜாடி, அதைத் தாங்க மரக்கால். தூசியோ கரியோ மழையோ, மாதம் முழுக்க விழுவதெல்லாம் அதில் சேரும். கடைசி நாள் ஜாடியை எடுத்துப் போய் வடிகட்டி, உலர்த்தி, கல்லூரித் தராசில் நிறுப்பாள். அந்த வண்டலுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் இரும்புப் பொடி மட்டும் மயிர் சிலிர்த்த மாதிரி எழுந்து நிற்கும். ஒரு சதுர மைலுக்கு மாதம் எத்தனை டன் விழுகிறது என்று கணக்குப் போட்டு, நீல அட்டை நோட்டில் எழுதுவாள். அந்த முதல் சித்திரையில் ஸ்ரீரங்கத்தில் ஏழு டன். நாவல்தோப்பில் பதினைந்து.

பவுனம்மாள் ஜாடியைத் தன் வீட்டுச் சாமான்போலப் பார்த்துக்கொண்டாள். காக்காய் உட்காராமல் புனலைச் சுற்றி முள் கட்டினாள். பந்தடிக்க வந்த பிள்ளைகளை விரட்டினாள். ஜெகதாம்பாள் வரும் நாளில் மோர் கரைத்து வைத்திருப்பாள். "இந்த மாசம் எம்புட்டுங்க?" என்று கேட்பாள். எண்ணைச் சொன்னால், விலைவாசியைக் கேட்டவள்போல் "ஏறிருச்சா!" என்பாள்.

எண் ஏறத்தான் செய்தது. ஐம்பத்தைந்தில் இருபது. ஐம்பத்தேழில் இருபத்தாறு. கடைக்காரர் ஒருநாள் அப்பளக் கட்டைத் திருப்பி எறிந்துவிட்டார். "இதைப் பொரிச்சா எண்ணெயே கறுக்குதுன்னு வந்து சண்டை போடறாங்க, இனிமே வராதே" என்றார். அதன்பின் பவுனம்மாளும் வார்ப்படச் சாலைக்கே போனாள். அச்சு வார்க்கும் மணலைச் சலிக்கிற வேலை. வீட்டில் மாரியாயி என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. மூன்று வயது. பேச ஆரம்பித்ததிலிருந்தே அதற்கு இருமல்.

ஐம்பத்தெட்டாம் வருடம் ஆவணியில் ஒரு சனிக்கிழமை. பவுனம்மாளும் பிச்சைமுத்துவும் தெருமுனையில் டீக்கடை வைத்திருந்த சேக் மைதீனும் ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டார்கள். சேக் மைதீனுக்குக் கையெழுத்து அழகு. தெருவில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் அவர்தான் எழுதுவார். சட்டைப் பையிலிருந்து ஒரு நீளத் தாளை எடுத்தார்.

"கலெக்டருக்குக் குடுக்கறோம்மா. அறுபது பேர் கைநாட்டு வெச்சிருக்காங்க. சும்மா புகை புகைன்னு எழுதினா கிழிச்சுப் போட்டுடுவாங்க. உங்க கணக்கை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா சேத்துக் கட்டிடுவேன்."

ஜெகதாம்பாள் நீல நோட்டை எடுத்துப் புரட்டினாள். கொடுக்கலாம்தான். ஆனால் ஐம்பத்தாறு ஐப்பசியில் புயல் மழையில் ஜாடி நிரம்பி வழிந்து ஒரு மாதக் கணக்கு இல்லை. ஐம்பத்தேழு ஆடிக் காற்றில் ஆற்று மணல் பறந்து எண் தாறுமாறாக ஏறியிருந்தது. வக்கீல் ஒருவன் இதைத் தூக்கிப் பிடித்து, இந்தம்மாவுக்கு அளக்கவே தெரியவில்லை என்று சொன்னால்? பத்து வருடக் கணக்கு சேர்ந்ததும் பெங்களூரில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசையும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"அஞ்சு வருஷம் போதாது" என்றாள். "இப்ப குடுத்தா ஒரே கேள்வியில உடைச்சுடுவாங்க. அப்புறம் எப்பவும் எடுபடாது. பத்து வருஷம் ஆகட்டும்."

 பவுனம்மாள் மெதுவாகக் கேட்டாள். "புள்ளை ராத்திரியெல்லாம் இழுக்குதுங்க டீச்சரம்மா. பத்து வருசமுங்களா?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் வேணா சீட்டு எழுதித் தரேன்."

அவர்கள் போனதும் மாத்ருபூதம் ஈஸிசேரில் இருந்தபடியே சொன்னான். "குடுத்திருக்கலாம் ஜெகதா. தப்பா இருந்தா தப்புன்னு சொல்லட்டுமே. என்ன குறைஞ்சுடும்?"

"உங்களுக்குத் தெரியாது, சும்மா இருங்க" என்றாள் அவள்.

மனு போயிற்று. பதில் வரவில்லை.

அறுபதாம் வருடம் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி காலை, மாதக் கடைசி என்று வழக்கம்போல் பையை எடுத்துக்கொண்டு ஜெகதாம்பாள் நாவல்தோப்புக்குப் போனாள். தெருமுனையிலேயே சேலைகளும் தலைகளுமாகக் கூட்டம் தெரிந்தது. பவுனம்மாள் வீட்டு வாசலில், வற்றல் காயப்போடும் அதே கயிற்றுக் கட்டிலில், மாரியாயியைக் கிடத்தியிருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை, பார்த்தால் நாலு சொல்லலாம். நெற்றியில் வைத்திருந்த காசைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் கரி விழுந்திருந்தது. ஒரு பெண் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க விழுந்தது.

 ஜெகதாம்பாள் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் ஜாடி கட்டிலின் தலைமாட்டுக்கு மேலேதான் இருந்தது. அவள் பார்வை அதன்மேல் போனதைப் பவுனம்மாள் பார்த்துவிட்டாள். அழுதழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.

"மாசக் கடைசிங்களே. எடுத்துக்கங்க டீச்சரம்மா. எங்களுக்காகத்தானே அளக்குறீங்க."

ஜெகதாம்பாள் எடுத்துக்கொண்டாள். பிணத்தின் தலைக்கு மேல் கையை நீட்டி, மரக்காலிலிருந்து ஜாடியைக் கழற்றி, புது ஜாடியை வைத்து, எடுத்த ஜாடியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அன்று மத்தியானம் வடிகட்டி உலர்த்தித் தராசில் வைத்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்து நிறுத்தாள். நாற்பத்தொரு டன். நோட்டில் எழுதினாள். எழுதிவிட்டுத்தான் அழுதாள்.

அறுபத்து மூன்றில் பத்து வருடம் நிறைந்தது. அந்தக் கையோடு கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலை வருகிறது என்று ஊரே பேசியது. வந்தால் புகை எப்படி மாறுகிறது என்று பார்க்காமல் கணக்கை முடிப்பது அரைகுறை வேலை என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் இரண்டு வருடம் என்றாள். அது மூன்றாயிற்று.

பெரிய தொழிற்சாலைக்கு வேண்டிய உதிரி வார்ப்புகளுக்கு ஆர்டர் பிடித்து, தர்மராஜ் இரண்டாவது உலை வைத்தார். பிறகு உலை அணைகிற நாளே இல்லை. தெருவில் வெள்ளைத் துணி என்று ஒன்றைப் பார்க்க முடியாமல் போயிற்று. முருங்கை இலையைக் கழுவினால் மைத்தண்ணீர் ஓடியது. பிச்சைமுத்துவுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு நாலு எட்டு வைக்க முடியவில்லை. வேலையிலிருந்து அவனை நிறுத்திவிட்டார்கள். பவுனம்மாள் சம்பளத்தில் வீடு ஓடியது. அறுபத்தாறு ஆடியில் நாவல்தோப்பின் கணக்கு நூற்றுப் பத்து டன். அதே மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒன்பது.

அந்த வருடம் ஐப்பசியில் ஜெகதாம்பாள் அறிக்கையை முடித்தாள். நாற்பது பக்கம், டைப் அடித்து, வரைபடங்களோடு. பதின்மூன்றரை வருடம். ஒரு பிரதி பத்திரிகைக்கு. ஒரு பிரதி சுகாதார அதிகாரிக்கு. வார்ப்படச் சாலை கரி வடிக்கும் அறை கட்ட வேண்டும், இல்லையேல் ஊருக்கு வெளியே போக வேண்டும் என்று முடிவில் எழுதியிருந்தாள். விஷயம் தெரிந்ததும் நாவல்தோப்புக்காரர்கள் சேக் மைதீன் கடையில் அவளை உட்கார வைத்து மாலை போட்டார்கள். பவுனம்மாள் கூட்டத்தில் நின்று இருமிக்கொண்டே கை தட்டினாள்.

பத்து நாளில் சுகாதார அதிகாரி கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் இன்னொரு நாற்காலியில் தர்மராஜ் உட்கார்ந்திருந்தார். ஜெகதாம்பாள் சண்டைக்குத் தயாராகத்தான் போனாள். எந்த மாதத்தைப் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் பதில் சொல்ல நோட்டுகளை எல்லாம் சுமந்து போயிருந்தாள். ஆனால் தர்மராஜ் எழுந்து நின்று கும்பிட்டார். ஐம்பது வயது, கதர்ச் சட்டை, மெதுவான பேச்சு.

"ரெண்டு தடவை படிச்சேன்மா. எங்க ஆளுங்க யாருக்கும் இவ்வளவு பொறுமை கிடையாது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த நூத்திப் பத்து டன், இது சரிதானுங்களே? கூடக் குறைய இருக்குமா?"

"ஒரு மில்லிகிராம் பிசகு கிடையாது" என்றாள் ஜெகதாம்பாள். எத்தனையோ வருடமாக அந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தவள்போல் சொன்னாள்.

"அப்ப, மனுஷங்க குடியிருக்க லாயக்கில்லாத இடம்னு சொல்றீங்க."

"ஆமாம். ஒரு நாள்கூட லாயக்கில்லை."

"குழந்தைகளுக்கு?"

"செத்தே போயிருக்கு."

தர்மராஜ் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். சுகாதார அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். "அறிக்கை நீளமா இருக்கு. மேலிடத்துல யாரும் படிக்க மாட்டாங்க. இப்ப சொன்னீங்களே, அதை மட்டும் நாலு வரியில உங்க கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா உடனே நடவடிக்கை எடுக்கச் சௌகரியமா இருக்கும்."

ஜெகதாம்பாள் எழுதினாள். நாவல்தோப்பில் விழும் கரியின் அளவு மனித வாசத்துக்கு ஏற்றதல்ல என்றும், அங்கே வசிப்பவர்களின் உயிருக்கு, குறிப்பாகக் குழந்தைகளின் உயிருக்கு, ஆபத்து என்றும் தெளிவான கையெழுத்தில் எழுதினாள். வீட்டுக்குப் போகும்போது காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தாள். எல்லாம் முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். "முதலாளி மனுஷர் அவ்வளவு மோசமில்லை" என்று மாத்ருபூதத்திடம் சொன்னாள்.

தையில் நோட்டீஸ் வந்தது. வார்ப்படச் சாலைக்கு அல்ல. நாவல்தோப்புக்கு. மனித வாசத்துக்கு ஏற்றதல்ல என்று நிபுணர் சான்றளித்திருப்பதால் எழுபத்திரண்டு வீடுகளும் காலி செய்யப்பட வேண்டும். குடியிருப்போருக்கு மருங்காபுரி போகிற வழியில் புறம்போக்கில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. காலியாகும் நிலத்தில் குடியிருப்பு கூடாது. தொழில் உபயோகத்துக்கு விடலாம்.

நோட்டீஸ் ஒட்டிய அன்றே வீடுகளைப் பிரிக்க ஆள் வந்துவிட்டது என்று சேக் மைதீன் கல்லூரிக்கே ஓடி வந்து சொன்னார். ஜெகதாம்பாள் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஆறு லாரிகள் நின்றன. ஓடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரித்த ஒவ்வொரு ஓட்டுக்கும் அடியிலிருந்து கரி பொலபொலவென்று கொட்டியது. பிச்சைமுத்து அதே கயிற்றுக் கட்டிலில் லாரிமேல் ஏற்றப்பட்டிருந்தான்.

"நிறுத்துங்க! நான் இதுக்கா எழுதினேன்? சாலையைத்தானே மாத்தச் சொன்னேன்!" என்று கத்தினாள்.

அங்கே நின்ற சுகாதார ஆபீஸ் ஆள் மரியாதையாகவே பேசினான். "சாலையை மாத்தினா இருநூறு பேர் வேலை போயிடும்மா. திருவெறும்பூர் ஆர்டர் வேற நிக்குது. நீங்க எழுதினபடி ஆபத்து ஜனங்களுக்குத்தானே. ஜனங்களை மாத்தறோம்." கையிலிருந்த தாளைத் தெரு முழுக்கக் கேட்கும்படி வாசித்தான். கடைசியில் அவள் பெயரையும் வாசித்தான்.

ஓடு பிரிக்கிற சத்தம் நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பவுனம்மாள் ஒரு தகரப் பெட்டியோடு எதிரே வந்தாள்.

"இது நீங்க எழுதினதுங்களா?"

"நான்தான் எழுதினேன், ஆனா பவுனம்மா..."

"அன்னிக்கு அறுபது பேர் கைநாட்டு வெச்சுக் கேட்டோம். பத்தாதுன்னீங்க. அவரு ஒருத்தர் கேட்டாரு, உடனே குடுத்திட்டீங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. பெட்டியை லாரியில் ஏற்றிவிட்டு, தானும் ஏறிப் புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். லாரி பின்னால் நகர்ந்தபோது மரக்கால்மேல் இடித்தது. ஜாடி கீழே விழுந்து நொறுங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மருங்காபுரிப் பொட்டலில் காற்று சுத்தமாகத்தான் இருந்தது. பஸ் மட்டும் நிற்கவில்லை. கிணறும் இல்லை, வேலையும் இல்லை. மாசி கடைசியில் ஒரு நாள் பிச்சைமுத்துவுக்கு மூச்சு முட்டியது. நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மணப்பாறை ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். பாதி வழியில் இறக்கி வைத்து, அங்கேயே புதைத்துவிட்டுத் திரும்பினார்கள். இதெல்லாம் சேக் மைதீன் சொல்லித்தான் ஜெகதாம்பாளுக்குத் தெரியும். அவளுக்கு அங்கே போக முகம் இல்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள், அறிக்கையைப் புகழ்ந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பெங்களூர்ப் பத்திரிகை அதற்குள் அறிக்கையைப் பிரசுரித்தது. தபாலில் வந்த பிரதியை அவள் பிரிக்கவில்லை.

ஆடி பிறந்ததும் சேக் மைதீன் இன்னொரு சேதி கொண்டுவந்தார். பவுனம்மாளும் இருபது குடும்பங்களும் திரும்பி வந்துவிட்டார்களாம். நாவல்தோப்பு இருந்த இடத்தில் மூன்றாவது உலைக்குக் கொட்டகை எழும்பியிருந்தது. அதற்கும் வாய்க்காலுக்கும் நடுவில், மதில் ஓரமாக, கோணிகளையும் தகரத்தையும் வைத்துக் குடிசை போட்டிருக்கிறார்களாம். பவுனம்மாள் பழையபடி மணல் சலிக்கிறாளாம்.

ஜெகதாம்பாள் மறுநாளே புது ஜாடியையும் மரக்காலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இந்தத் தடவை ஒரு மாதம்கூடக் காத்திருக்கப் போவதில்லை, பத்து நாள் கணக்கை வைத்துக்கொண்டே கோர்ட்டுக்குப் போவது என்று வழியெல்லாம் மனசில் வாதம் பண்ணிக்கொண்டு போனாள்.

மதில் ஓரம் நிற்கவே முடியவில்லை. கண் எரிந்தது. மூன்று புகைபோக்கிகளும் நேர் தலைக்கு மேல். குடிசை வாசலில் பவுனம்மாள் சோற்றுப் பானையை முந்தானையால் மூடிப் பிடித்தபடி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். வயது ஐம்பதுக்குமேல் சொல்லலாம்போல் இருந்தாள். உண்மையில் நாற்பதுதான். ஜாடியைப் பார்த்ததும் எழுந்தாள். பக்கத்துக் குடிசைகளிலிருந்தும் பெண்கள் வெளியே வந்தார்கள். ஒருத்தி கையில் கல் இருந்தது. பவுனம்மாள் அவளைக் கையமர்த்தினாள்.

"பவுனம்மா, என்னை என்ன வேணா சொல்லு. ஆனா இதை இங்க வைக்க விடு. இந்தக் காத்துல மூணு வருஷம்கூடத் தாங்க மாட்டீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அங்க மூணு மாசம் தாங்கல டீச்சரம்மா." பவுனம்மாள் கிட்டே வந்தாள். அவள் மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "இங்க மூணு வருசம் இருக்குங்கிறீங்க. அதை விடுங்க எங்களுக்கு."

"கோர்ட்டுல சொல்லி இந்த உலையையே..."

"நீங்க சொல்லுவீங்க. அவங்களும் கேட்டுக்குவாங்க. கேட்டுட்டு எங்களைத் தூக்கிருவாங்க." சட்டென்று குனிந்து ஜெகதாம்பாளின் காலைத் தொட்டாள். கும்பிட்டுத் தொட்டதல்ல அது. நகராதே என்று பிடித்துக்கொண்டது. "உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். எங்களை அளக்காதீங்க. நாங்க இங்க இருக்கோம்னு எந்தத் தாள்லயும் எழுதாதீங்க. எம் புள்ளை செத்த அன்னிக்கு நீங்க கேட்டதைக் குடுத்தேன்ல? இன்னிக்கு நான் கேக்கறேன்."

 ஜெகதாம்பாள் ஜாடியை மறுபடி பைக்குள் வைத்தாள்.

"வாய்க்கா பக்கமாப் போயிடுங்க. வாசல் வழி போனா வாட்ச்மேன் பாப்பான். அளக்கறம்மா வந்துச்சுன்னு போய்ச் சொல்லிருவான்" என்றாள் பவுனம்மாள். அடுப்புக்குத் திரும்பி, பானைமேல் விழுந்திருந்த கரியை ஊதித் தள்ளினாள்.

அன்றோடு ஜெகதாம்பாள் அளப்பதை விட்டுவிட்டாள். ஸ்ரீரங்கத்து மாடியிலிருந்த ஜாடியைக்கூட இறக்கிவிட்டாள். 

ஐப்பசியில் சுகாதார அதிகாரி கல்லூரிக்கு நேரிலேயே வந்தார். கையில் அவளுடைய அறிக்கை. ஓரமெல்லாம் மடித்துப் படித்த பிரதி. நகரத்தில் இன்னும் ஆறு இடங்களில் ஜாடி வைக்க அனுமதி வந்திருக்கிறது, மாதச் சம்பளத்தோடு அவளே பொறுப்பேற்க வேண்டும் என்றார். இடங்களின் பட்டியலை நீட்டினார். முதல் இடம், வார்ப்படச் சாலை வடக்கு மதில், வாய்க்கால் கரை. மற்ற ஐந்தும் எந்தெந்தத் தொழிற்சாலை மதிலை ஒட்டிய குடிசைகள் என்று அவளுக்குப் படிக்காமலே தெரிந்தது.

"நான் செய்ய மாட்டேன்" என்றாள். "யார் செய்யறதுக்கும் சொல்லித் தரவும் மாட்டேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அறிக்கையைத் திறந்து, ஜாடியின் படமும் வடிகட்டும் விதமும் எடை போடும் விதமும் இருந்த பக்கங்களைக் காட்டினார்.

"சொல்லித் தர என்னம்மா இருக்கு? பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யற மாதிரி நீங்களே தெளிவா எழுதி வெச்சிருக்கீங்களே."

கல்லூரித் தலைவி அந்த வேலைக்கு லூர்துராணி என்ற புது டெமான்ஸ்டிரேட்டரைக் கொடுத்தாள். கெட்டிக்காரப் பெண், சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்கிறவள். ஜெகதாம்பாள் அவளைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். லூர்துராணி கண்கலங்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஆனா மேடம், கணக்கு இல்லாம எப்படி மேடம் நியாயம் கேக்கறது?" என்றாள். 

வாய்க்கால் கரைக்கு முதல் ஜாடி கார்த்திகையில் போயிற்று. மதில் ஓரக் குடிசைகளைத் தையில் பிரித்தார்கள். இந்தத் தடவை இடம் ஒதுக்கவில்லை.